மணியின் சான்றிதழ்

அறுபதைக் கடந்த இணையர் ஒருவர், தம் நாயையும் உடன் அழைத்துக்கொண்டு, எழுபது நாட்கள் ஐரோப்பாவைச் சாலை வழியே சுற்றிவந்தனர் என்று சொன்னால், கேட்போரில் பாதிப்பேர் வியப்பர். மீதிப்பேர் ‘ஒரு நாய்க்கு இத்தனை பாடா?’ என்று முகம் சுளிப்பர். அந்த இணையர் என் கல்லூரித் தோழரும் அவருடைய துணைவியாரும் ஆவர். இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று ஓய்ந்தவர்கள். நாயின் பெயர் மணி, வயது பதினொன்று. 2023 செப்டம்பரில் அவர்கள் புறப்பட்டபோது முகம் சுளித்தவர்களுள் நானும் ஒருவன். வழிநெடுக நண்பர் எழுதிய மடல்களைப் படித்தபின் என் எண்ணம் மாறியது. அது ஏன் மாறியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருந்தவரை, அந்நாட்டு நாய்களும் ஒன்றியத்தின் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டைக் கொண்டு எல்லை கடந்தன. 2021 ஜனவரி முதல் பிரிட்டனில் வழங்கப்பட்ட அந்தச் சீட்டுகள் செல்லாதவை ஆயின. ஆகவே மணிக்குத் தனியே ஒரு நலச்சான்றிதழ் தேவைப்பட்டது. முதலில் தோலுக்கடியில் அரிசிமணி அளவிலான சில்லு. அதில் 15 இலக்க எண். சில்லு பொருத்தியபின்தான் ரேபிஸ் தடுப்பூசி. அது முதல் ஊசியாயின் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கு முந்திய பத்து நாட்களுக்குள் கால்நடை மருத்துவர் சான்றிதழில் ஒப்பமிட வேண்டும். ஐரோப்பிய மண்ணில் நுழைந்தபின் அது அப்போது நான்கு மாதங்களுக்குச் செல்லுபடியானது. மனிதருக்கோ 180 நாட்களில் 90 நாட்களே அனுமதி. ‘எங்களுக்கு மூன்று மாதம், அவனுக்கு நான்கு. எங்கள் வீட்டில் செல்வாக்கு யாருக்கு என்பது இப்போதுதான் அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது’ என்று நண்பர் எழுதினார்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிச் சுரங்கம் 1994இல் திறக்கப்பட்டது. வண்டியை ரயிலில் ஏற்றிவிட்டால் 35 நிமிடங்களில் அக்கரை. மணி தன் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் சுரங்கம் திறந்த அந்த ஆண்டில் இதே பயணம் நடந்திருந்தால், திரும்பி வரும் மணி ஆறு மாதங்கள் தனிமைக் காப்பகத்தில் அடைபட்டிருப்பான். வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களுக்கு நெடுங்காலமாக இருந்த அந்த விதி 2000ஆம் ஆண்டில்தான் தளர்ந்தது. ஆறு மாதச் சிறையின் இடத்தில் சில்லும் ஊசியும் ஏடும் வந்து அமர்ந்தன. விதிமுறைகளைச் சுமை என்று சலிப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஏடுதான் மணிக்குக் கதவைத் திறந்தது.

அவர்கள் தேர்ந்த வழி ரீம்ஸ், திஜோன் நகரங்களைக் கடந்து சுவிட்சர்லாந்து நோக்கிச் செல்வது. வழியில் தோல் என்னும் சிற்றூர். ஆற்றங்கரையில் தோல் பதனிடுவோர் வாழ்ந்த தெருவில் ஒரு பழைய வீடு இருக்கிறது. லூயி பாஸ்டர் 1822இல் பிறந்தது அவ்வீட்டில். வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு 1885 ஜூலையில் பாரிஸில் தடுப்பூசி அளித்து உயிர் காத்தவர் அவரே. அந்த வீட்டின் எதிரே மணி நிழலில் படுத்திருக்கும் படமொன்றை நண்பர் அனுப்பியிருந்தார்.

அங்கிருந்து லொசான் வழியே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினர். ஐரோப்பாவில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ரேபிஸைப் பரப்பியது முதன்மையாகக் காட்டு நரிகள். நரிக்கு யார் ஊசி போடுவது? 1978இல் இப்பள்ளத்தாக்கில் ஒரு புது முயற்சி நடந்தது. கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து, நரிகள் திரியும் இடங்களில் இட்டனர். நரிகள் தின்றன, நோயின் நகர்வு அங்கே தடைப்பட்டது. பின்னர் அம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. சுவிட்சர்லாந்து 1999இலும் பிரான்ஸ் 2001இலும் ஜெர்மனி 2008இலும் அந்நோய் நீங்கிய நாடுகளாயின. அப்பள்ளத்தாக்கின் புல்வெளியில் மணி காது பறக்க ஓடியதற்குப் பின்னால் இருபது, முப்பது ஆண்டுகளின் பொறுமை இருந்தது.

அடுத்து, 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய். பதினோராம் நூற்றாண்டு முதல் வழிப்போக்கர்களுக்கு இடமளித்துவரும் துறவியர் விடுதி அங்கே உள்ளது. பனியில் சிக்கியோரைத் தேடிக் கண்டுபிடித்த பெருநாய்களின் ஊர் அது. அவற்றுள் பேரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாகச் சொல்வர். 1814இல் இறந்த அதன் உடல் பாடம் செய்யப்பட்டு பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நாய்க்கு மனிதன் பட்ட கடனை நினைவூட்டும் அவ்விடத்தில், ‘நாய்க்கு இத்தனை பாடா?’ என்ற என் கேள்வி எனக்கே சிறியதாகத் தோன்றியது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியது. முதிய நாயை இத்தனை தொலைவு இழுத்துச் செல்வது அன்பா, தன்னலமா? இதை நண்பரிடமே கேட்டேன். அவர் தந்த விடை அவர்களுடைய ஒழுங்குமுறைதான். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடாது. இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தம். நிறுத்திய வண்டியில் மணியைத் தனியே விட்டுச் செல்வதில்லை. மூடிய வண்டிக்குள் வெப்பம் சில நிமிடங்களில் உயிருக்கே கேடாகும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் நாயை உள்ளே விடுவதில்லை. ஆகவே ஒருவர் உள்ளே செல்ல, மற்றவர் வெளியே மணியுடன் அமர்வார்; பின்பு இடம் மாறிக்கொள்வர். புளோரன்ஸ் நகரத்தை இருவரும் தனித்தனியே பார்த்து, இரவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். ‘நாற்பது ஆண்டு இல்லறத்தில் இவ்வளவு பேசியதில்லை’ என்பது துணைவியார் எழுதிய ஒரே வரி.

அக்டோபர் நடுவில் சோதனை வந்தது. ஸ்பெயினில் வலென்சியாவைக் கடந்து கிரானடா நோக்கிச் செல்லும் வழியில், ஒரு காலை மணி எழவில்லை. அல்ஹாம்பிராவைக் காண வேண்டும் என்பது துணைவியாரின் இளமைக் கனவு. பெயர் பதிந்த நுழைவுச்சீட்டுகள் இரண்டு நாட்களுக்குப் பின் உரியனவாகக் கையில் இருந்தன. அருகிருந்த சிற்றூர்க் கால்நடை மருத்துவருக்கு ஆங்கிலம் தெரியாது. இவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மணியின் ஏடுகள் பேசின. சில்லு எண், ஊசி போட்ட நாள், இதயத்துக்கு அவன் உண்ணும் மாத்திரையின் பெயர், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை என அனைத்தும் ஒரே உறையில் இருந்தன. அரை மணியில் மருந்து ஏறத் தொடங்கியது. இரண்டு வாரங்களுக்கு நெடும்பயணம் கூடாது என்றார் மருத்துவர்.

‘நீ மட்டும் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று நண்பர் வற்புறுத்தினார். ‘அவன் என்னைத் தேடுவான்’ என்று சொல்லித் துணைவியார் மறுத்துவிட்டார். நுழைவுச்சீட்டுகள் வீணாயின. அவ்வூரிலேயே சிறு வீடொன்றை எடுத்துப் பதினைந்து நாட்கள் தங்கி, எதிரே இருந்த ஆரஞ்சுத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மருத்துவச் செலவும் வாடகையும் அவர்களைக் கலங்கவைக்கவில்லை. புறப்படும் முன்பே மணியின் பெயரால் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, வேறெதற்கும் தொடுவதில்லை என்று உறுதி செய்திருந்தனர். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலை வில்லைக்கான 40 பிராங்க் வரை கணக்கெழுதியவர், எதிர்பாராத செலவுக்கும் கணக்கில் ஒரு வரி வைத்திருந்தார். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால், அல்ஹாம்பிராவா மணியா என்ற கேள்விக்குப் பணமல்லவா விடை சொல்லியிருக்கும்?

திரும்பும் வழியிலும் ஏடு கண்டிப்பாகவே இருந்தது. பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும், மருத்துவர் ஒருவர் நாடாப்புழு மருந்து கொடுத்து, நேரத்துடன் பதிந்திருக்க வேண்டும். கலேயில் மணியின் கழுத்தருகே கருவியை வைத்து எண்ணைச் சரிபார்த்தனர். எண் ஒத்தது. மணி வீடு சேர்ந்தான். அடுத்த குளிர்காலத்தில் தன் போர்வையில் படுத்தபடியே கண்மூடினான்.

இதனை நம் வாசகர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடம் தம் நாயை அழைத்துச் செல்ல விரும்புவோர் இன்று நம்மிடையே உள்ளனர். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் நாய்க்கு ஊசியும் சில்லும் மட்டும் போதா. ஊசிக்குப் பின் குறைந்தது 30 நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் நோய் எதிர்ப்பாற்றல் அளவு மெய்ப்பிக்கப்பட வேண்டும். அதன்பின் மூன்று மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். இக்கண்டிப்புக்குக் காரணம் நம்மை இழிவாக எண்ணுவதன்று. ரேபிஸ் இன்னும் நம் தெருக்களில் இருப்பதுதான்.

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது, எனக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருந்த சிறுவனை அவன் வீட்டு நாயே கடித்தது. செல்லமாக வளர்ந்த நாய். ஊசி போட்டிராத நாய். காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டி, மந்திரித்த கயிறும் கட்டினர். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியோருக்கு அது எட்டவில்லை. அவனுடைய இடம் ஆண்டு முடியும்வரை காலியாகவே இருந்தது. அந்த வீட்டார் தம் நாயின்மேல் வைத்த அன்பு மணியின்மேல் என் நண்பர் வைத்த அன்புக்குச் சிறிதும் குறைந்ததன்று. ஓர் ஊசியும், அதைக் குறித்த ஒரு தாளும் மட்டுமே குறைந்தன.

எல்லாரும் நாயுடன் ஐரோப்பா செல்லப் போவதில்லை. ஆனால் நம் வீட்டில் நாய் இருந்தால், அதற்குக் கடைசியாக ஊசி போட்ட நாள் எது என்று இன்றே எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தாள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று நினைவுக்கு வராவிட்டால், நாளைக் காலை முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் செல்வது நன்று.