கற்றளி என்றால் என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விளையாட்டைச் சிபாரிசு செய்கிறேன். காகிதமும் பேனாவும் போதும். வழக்கொழிந்த ஒரு சொல்லை ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் அதற்கு ஒரு பொய்ப்பொருளைக் கற்பனையாக எழுதித் தர வேண்டும். சொன்னவர் மெய்ப்பொருளையும் அதேபோல் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து வாசிப்பார். மெய்யைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு புள்ளி. தன் பொய்யைப் பிறர் நம்பும்படி எழுதியவருக்கும் ஒரு புள்ளி. பிபிசி தொலைக்காட்சி 1965இல் ‘கால் மை பிளஃப்’ என்ற பெயரில் இதே வகை ஆட்டத்தைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தியது. அவர்கள் சொற்களுக்கு அகராதியைப் புரட்டினார்கள். நமக்குக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

இதை ஆட எனக்குப் பிடித்த இடம், விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கொடும்பாளூர். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும்போது கொடும்பை என்று குறிப்பிடும் ஊர் இது. இடங்கழி நாயனாரின் ஊர், இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகர். அவர்களில் ஒருவனான பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரு மனைவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எழுப்பினான். அதுதான் மூவர் கோயில். இன்று இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அந்த அரசியரின் பெயர்களைச் சொல்கிறது: கற்றளி, வரகுணை.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து ‘கற்றளி’யைத்தான் முதல் சொல்லாகக் கொடுத்தேன். “கற்றதைப் பிறருக்கு அளிப்பவள், ஆசிரியை” என்று எழுதியிருந்தாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பாதிப் பேர் அதையே மெய் என்றார்கள். மெய்ப்பொருள் கல்லால் கட்டிய கோயில். கல், தளி இரண்டும் சேர்ந்தால் கற்றளி. தளி என்றால் கோயில். பிள்ளைகள் எதிரே நின்ற விமானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஓர் அரசிக்குக் ‘கற்கோயில்’ என்று பெயர் இருந்தது அவர்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்து ‘திருவுண்ணாழிகை’. “சுவாமி அமுது உண்ணும் நேரம்” என்று ஒரு பையன் எழுதினான். நாழிகை என்றால் நேரம், உண் என்றால் சாப்பிடு. இதைவிடப் பொருத்தமான பொய் கிடைக்காது. ஆனால் கல்வெட்டில் அது கருவறை. உள் என்பதுதான் அங்கே உண் என்று திரிந்திருக்கிறது.

ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செப்பேட்டில் வரிப்பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது அதுதான். இந்த ஆட்டத்துக்கு அது ஒரு புதையல். ‘கண்ணாலக்காணம்’ என்றதும் “கண்ணால் கண்ட சாட்சிக்குக் கொடுக்கும் படிக்காசு” என்றார்கள். அது கல்யாணத்துக்குக் கட்டிய வரி. கண்ணாலம் என்று சொல்லும் பாட்டிமார் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘குசக்காணம்’ குசுகுசுவென்று பேசுபவர்களுக்கு விதிக்கும் அபராதமானது. மெய்யாகவே அது குயவர் கட்டிய வரி. ‘வண்ணாரப்பாறை’க்கு ஒருவன் “வண்ண ஓவியம் உள்ள பாறை, சித்தன்னவாசல்” என்று எழுதிக் கைதட்டல் வாங்கினான். அது சலவைத் தொழிலாளர் துணி துவைத்த கல்லுக்கு வசூலித்த வரி. கல்லுக்குமா வரி என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த விளையாட்டை ஆடலாம்.

நல்ல பொய்ப்பொருள் எழுதுவது லேசான வேலையில்லை. சொல்லைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், பிரிக்க வேண்டும், பிரித்த துண்டுகளுக்குப் பொருள் தேட வேண்டும். தமிழின் புணர்ச்சி இதற்கு வாகாக அமைந்திருக்கிறது. கற்று, அளி என்று பிரித்தாலும் கல், தளி என்று பிரித்தாலும் கற்றளிதான். லகரமும் தகரமும் சேர்ந்தால் ஏன் றகரமாகின்றன என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பிள்ளைகள், அன்று ஒருவர் பொய்யை ஒருவர் உடைப்பதற்காக அதே விதியைச் சொல்லி வாதாடினார்கள். இலக்கணம் இப்படித்தான் மனத்தில் தங்கும். தவறாக ஊகித்த சொல்லின் சரியான பொருளும் லேசில் மறக்காது.

ஆனால் இதில் ஒரு விதியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஆட்டம் முடிவதற்குள் மெய்ப்பொருளைச் சொல்லிவிட வேண்டும். அச்சேறிய பொய்யை அழிப்பது கடினம். 1934இல் வெளியான வெப்ஸ்டர் அகராதியில் ‘டோர்ட்’ என்ற இல்லாத சொல் ‘அடர்த்தி’ என்ற பொருளோடு இடம்பிடித்துவிட்டது. அடர்த்தியைக் குறிக்க ‘டி’ என்ற எழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுதலாம் என்ற ‘D or d’ குறிப்பைத் தவறாகச் சேர்த்துப் படித்ததால் வந்த வினை. 1939 வரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அகராதிக்காரர்களுக்கே இந்த நிலை என்றால், கைப்பேசியில் ஊர்ப்பெயர் விளக்கங்களை ஆராயாமல் அனுப்பும் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொடும்பாளூர் என்றதும் கொடுமை நடந்த ஊர் என்று கதை கட்டுவது எளிது. பழந்தமிழில் ‘கொடு’ என்பதற்கு வளைந்த என்ற பொருளும் உண்டு. கொடுவாளில் இருப்பது அதுதான். ஊகத்தை ஊகமென்று அறிந்து ரசிப்பவன், அதை வரலாறென்று யாராவது விற்க வந்தால் ஏமாற மாட்டான்.

மெய்ப்பொருள் பார்க்க நல்ல கருவிகள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. சாந்தி சாதனா வெளியிட்ட கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதிகளாகக் கிடைக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுகளின் பாடங்களை 1929இலேயே நூலாக அச்சிட்டுவிட்டது. ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளைகளை மூவர் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது பத்துச் சொற்களைக் குறித்துக்கொண்டு போங்கள். பிள்ளைகள் மனம்போலப் பொய் எழுதட்டும். பேருந்து ஏறுமுன் பத்துக்கும் மெய்ப்பொருள் சொல்லிவிடுங்கள்.