நாகூர்: கடல் வளர்த்த ஊர்

நாகூரைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் ‘மத நல்லிணக்கம்’ என்ற சொல் உடனே கைக்கு வந்துவிடுகிறது. தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், அந்த நல்லிணக்கத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட கடல் கண்ணில் படாமலே போய்விடும்.

வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கினார். தஞ்சை நாயக்கரின் தீராத நோயைத் தீர்த்தார், நன்றியாக நாயக்கர் நிலம் கொடுத்தார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. இன்னொரு கதையும் உண்டு. சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை திடீரென்று கண்ணாடியை எடுத்து வீசினாராம். நடுக்கடலில் மூழ்க இருந்த கப்பலின் ஓட்டையை அது போய் அடைத்ததாம். நடந்ததா என்று இங்கே கேட்பது வீண். யார் வாயில் இந்தக் கதை வளர்ந்திருக்கும் என்று கேட்கலாம். ஆண்களைக் கப்பலேற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த மரைக்காயர் வீடுகள், அன்றாடம் அலையோடு மல்லுக்கட்டிய மீனவர்கள், சரக்குக்கு முதல் போட்ட வணிகர்கள். ஒரே புயலுக்குப் பயந்தவர்கள் ஆண்டகையின் அடக்கத்தலமான தர்காவின் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். ஆண்டகையின் நினைவு விழாவான கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் இன்றும் வருகின்றன.

மன்னர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான். தர்காவின் ஐந்து மனோராக் கோபுரங்களில் மிக உயர்ந்ததை, 131 அடி, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். பக்தி இருந்திருக்கும். கப்பல் வந்துபோகும் ஊரில், கடலிலிருந்தே தெரியும்படி இவ்வளவு உயரமாகக் கட்டிய அரசருக்குச் சுங்கக் கணக்கும் மனதில் ஓடியிருக்கும் என்பது என் எண்ணம். அதனால் அவருடைய பக்தி ஒன்றும் குறைந்துவிடாது. 1770-களில் ஊர் டச்சுக்காரர் கைக்கும் பிறகு ஆங்கிலேயக் கும்பினியார் கைக்கும் மாறியது. தர்கா வாசலில் கூட்டம் மாறவில்லை.

போன இடமெல்லாம் கடலோடிகள் நாகூரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பினாங்கில் சூலியா தெரு முனையில் ஒரு நாகூர் தர்கா, இலங்கையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் ஒரு கொடியேற்றம்.

தர்காவைச் சுற்றியிருந்த தெருக்கள் சாம்பிராணிப் புகையோடு தமிழையும் வளர்த்தன. ‘நாகூர்ப் புராணம்’ பாடிய குலாம் காதிறு நாவலர் இந்த ஊர்க்காரர். சித்தி ஜுனைதா பேகமும் இந்த ஊர்தான். முஸ்லிம் பெண்கள் அச்சில் பெயர் போடவே தயங்கிய காலத்தில், 1938-இல், ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே.சாமிநாதையர். நல்லிணக்கத்துக்குச் சான்று தேடி மேடைகளில் அலைகிறவர்கள் இந்த ஒரு முன்னுரையைப் புரட்டினால் போதும்.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவில் ஆண்டகையின் அடக்கத்தலம் கிடையாது, நினைவுக்குக் கட்டியதுதான். அதையே அந்த நாடு 1974-இல் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டது. மூல ஊரிலோ நம் அக்கறை மனோராக்களுக்கு வண்ணம் பூசுவதோடு முடிந்துவிடக் கூடாது. சுற்றுத் தெருக்களில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளையும், அவற்றின் பரண்களில் இருக்கக்கூடிய வணிகக் கணக்கேடுகளையும், அரபுத்தமிழ்ப் பிரதிகளையும் அரசும் தர்கா நிர்வாகமும் ஊராரும் சேர்ந்து பட்டியலெடுக்க வேண்டும். அந்த வீடுகள் கைமாறி இடிபடுவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.