‘முதல் முயற்சியிலேயே’: ஆனர்ஸ் பட்டம் யாருக்கு?

பேட்டை ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு. பிறகு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்துக் கலந்தாய்வுக்குப் போய், ‘லேட்டரல் என்ட்ரி’யில் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு. தாமிரபரணிக் கரையோரச் சேரிகளிலிருந்து நம் பிள்ளைகள் பலர் பொறியாளர் ஆவது இந்தப் படிக்கட்டில் ஏறித்தான். இதன் கடைசிப் படி பற்றி நாம் பேசுவதே இல்லை. அதுதான் ஆனர்ஸ்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி பி.இ. ஆனர்ஸ் பெற மூன்று நிபந்தனைகள். கூடுதலாக 18 கிரெடிட் படிக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ. 7.5 வேண்டும். எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். முதல் இரண்டும் உழைப்பை அளக்கின்றன. மூன்றாவது எதை அளக்கிறது?

லேட்டரல் மாணவருக்குக் கல்லூரியின் முதல் நாளே மூன்றாம் பருவம். மெக்கானிக்கல், சிவில் என்றால் எடுத்த எடுப்பில் ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ கணிதம். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பிளஸ் டூ கணிதமும், முதலாமாண்டில் இரண்டு பருவக் கணிதமும் முடித்து வந்தவர். நம் பிள்ளை டிப்ளமோ கணிதத்தோடு, பல நேரம் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர். அந்த ஒரு தாளில் அரியர் விழுந்தால், அடுத்த தேர்விலேயே நல்ல மதிப்பெண்ணில் எழுதி முடித்தாலும், கடைசியில் சி.ஜி.பி.ஏ. 8.5 வைத்திருந்தாலும், ஆனர்ஸ் கிடையாது. சேர்ந்த சில மாதங்களிலேயே கதவு சாத்தப்படுகிறது. அப்படி ஒரு கதவு இருந்ததே பலருக்கு இறுதியாண்டில்தான் தெரியவருகிறது.

“விதி எல்லாருக்கும் ஒன்றுதானே?” என்பார்கள். இதே ஆற்றங்கரையில் சேரன்மகாதேவியில், வ.வே.சு. ஐயரின் குருகுலம் பிராமணரல்லாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1924–25இல் அதை எதிர்த்து நின்றார்கள். சேர்த்துக்கொள்வது வேறு, சமமாக உட்கார வைப்பது வேறு என்பதை அந்தப் போராட்டம் சொன்னது. இன்று யாரும் சாதி பார்த்து இந்த விதியை எழுதவில்லை. ஆனால் யார் எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்றும் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். சுற்று வழியில் வருபவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

“தகுதியைக் குறைக்கச் சொல்கிறீர்களா?” என்பது அடுத்த கேள்வி. அண்ணல் அம்பேத்கர் லண்டன் பல்கலைக்கழகத்தில் 1922இல் அளித்த டி.எஸ்சி. ஆய்வேடு அப்படியே ஏற்கப்படவில்லை. திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்தி அளித்து 1923இல் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பியவர், 1920இல் மறுபடி அங்கே போய்த் தொடர்ந்தார். ‘முதல் முயற்சி’தான் அளவுகோல் என்றால் அவரும் தேறியிருக்க மாட்டார்.

எனவே 7.5 இருக்கட்டும். 18 கிரெடிட்டும் இருக்கட்டும். நாம் கேட்க வேண்டியவை மூன்று. லேட்டரல் மாணவர்களுக்கு, சேர்ந்த முதல் பருவத்து அரியரை ஆனர்ஸ் கணக்கில் எடுக்கக் கூடாது. வகுப்பு தொடங்கும் முன் கல்லூரியே இணைப்புக் கணித வகுப்பு நடத்த வேண்டும். ஆனர்ஸ் விதிகளைச் சேர்க்கை நாளிலேயே தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும்.

விதி மாறும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. டிப்ளமோ தேர்வு முடிந்த விடுமுறையிலேயே முதலாமாண்டுக் கணிதப் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள், தம்பி தங்கைகளே. “எஞ்சினியரிங்னா அரியர் சகஜம்” என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தச் சகஜம் மற்றவர்களை விட நமக்குத்தான் விலை அதிகம். இப்போது மூன்றாம், நான்காம் ஆண்டு படிப்பவர்கள் ஆளுக்கு இரண்டு ஜூனியர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுங்கள். விடுதி அறையில் தினம் ஒரு மணி நேரம் போதும்.

கற்பி என்று அண்ணல் சொன்னது மேடையில் முழங்க மட்டுமல்ல.

ஜெய் பீம்.