செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, உங்களில் பலர் ராஜகிரி ஏறிப் படம் போடுகிறீர்கள். மூச்சு வாங்க ஏறியதற்கே பாராட்டு. ஆனால் எல்லாப் படத்திலும் உங்கள் முகம்தான் இருக்கிறது. கோட்டை எங்கே?

நானும் அப்படித்தான். திருவொற்றியூரிலிருந்து உங்களைச் சுற்றுலா அழைத்துப்போனபோது எடுத்த குரூப் போட்டோவை நேற்று பார்த்தேன். நாற்பது பேரும் சேர்ந்து கல்யாண மகாலை மறைத்துவிட்டோம்! உச்சி மட்டும் தெரிகிறது.

படம் ஒரு சாட்சி. நம் ராயபுரம் ரயில் நிலையத்தையே பாருங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட இடம். அதற்கு மூன்று ஆண்டு மூத்த பம்பாய் போரிபந்தரின் பழைய கட்டடம் இன்று இல்லை. படத்தில்தான் பார்க்க முடியும். ராயபுரம் இன்னும் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிற நம்மில் எத்தனை பேரிடம் அதன் படம் இருக்கிறது?

செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு சற்று விலகி நின்று, ஆளில்லாமல் ஒரு படம் எடுங்கள். தூண், படிக்கட்டு, விரிசல் எல்லாம் தெரியட்டும். தேதியும் இடமும் குறித்து வையுங்கள்.

சுவரில் மட்டும் பெயர் கிறுக்காதீர்கள். அங்கே அட்டெண்டன்ஸ் எடுக்க நான் வரமாட்டேன்!