இயந்திரத்திற்கு ஒரு வயது, மென்பொருளுக்கு வேறு வயது

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் போனக்காடு வரும். அகத்தியர்கூடம் செல்வோர் நடக்கத் தொடங்கும் இடம் அது. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமும், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்களும், இயக்கமின்றி நிற்கும் பழைய தேயிலை ஆலையும் அங்கே உண்டு. ஆலை மூடப்பட்ட கதை தோட்டத் தொழிலின் நெருக்கடியைச் சேர்ந்தது. அதை நான் இங்கே பேசப் போவதில்லை. துருப்பிடித்த அந்த இயந்திரங்களைப் பார்த்தபோது எனக்கு வேறோர் எண்ணம் எழுந்தது. அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் அவற்றின் சக்கரத்தையும் பெல்ட்டையும் பார்த்தே, எது எதை இயக்குகிறது என்று சொல்லிவிடுவார். உடைந்த பாகத்தை லேத் பட்டறையில் செய்துகொள்ளவும் முடியும்.

இன்றைய ஆலை அப்படியன்று. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவைப்பது, உலர்த்துவது, தரம் பிரிப்பது என்ற வரிசை மாறவில்லை. ஆனால் உலர்த்தியின் வெப்பம் எவ்வளவு, எந்த நொடியில் காற்றைக் குறைப்பது என்பன போன்ற முடிவுகளை இப்போது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியும் அதனோடு இணைந்த கணினியும் எடுக்கின்றன. அந்த அறிவு மென்பொருளுக்குள் இருக்கிறது. இயந்திரத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. தேயிலைக்கு மட்டுமல்ல, நூற்பாலை, அரிசி ஆலை, சாய ஆலை அனைத்திற்கும் இது பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கடன் பிரிவில் இருந்தபோது, சாய ஆலை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் தவணையைத் தள்ளிவைக்குமாறு கேட்டு வந்தார். அவரது சாயமிடும் இயந்திரங்கள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றை இயக்கிய பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் ஹார்ட் டிஸ்க் செயலிழந்துவிட்டது. ஒவ்வொரு நிறத்திற்குமான சாய அளவுகள், வெப்பநிலை ஏற்ற இறக்கங்கள், நேரக் கணக்குகள் எல்லாம் அதில்தான் இருந்தன. நகல் எடுத்து வைக்கப்படவில்லை. மென்பொருளை எழுதித் தந்தவர் தொழிலையே விட்டிருந்தார். ஆலை மீண்டும் ஓடுவதற்குள் ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கைநழுவியது. “மெஷினுக்கு ஒண்ணும் ஆகல சார். அதுக்கு என்ன சொல்லணும்னுதான் இப்ப யாருக்கும் தெரியல” என்றார் அவர்.

குறை அவருடையது மட்டுமன்று. அந்தக் கடனை மதிப்பிட்டபோது இயந்திரத்தின் விலைப்பட்டியல், காப்பீடு, அடமான ஆவணம் என்று எல்லாவற்றையும் நான் சரிபார்த்தேன். கட்டுப்பாட்டு மென்பொருளின் நகல் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை நான் கேட்கவேயில்லை.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இதைக் கணக்கேட்டின் வழியாகப் பார்க்கிறேன். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டுகளையும், மேசைக் கணினிகளுக்கு 3 ஆண்டுகளையும், சர்வர்களுக்கு 6 ஆண்டுகளையும் பயன்பாட்டுக் காலமாகக் குறிப்பிடுகிறது. தொழிற்சாலையிலோ இவை ஒரே உடலாக இயங்குகின்றன. இயந்திரத்தின் ஆயுள் முடிவதற்குள் கணினியின் ஆயுள் பலமுறை முடிந்துவிடும். இயந்திரத்தின் தேய்மானத்தை நாம் ஆண்டுதோறும் எழுதுகிறோம். அதை இயக்கும் மென்பொருளும் பழையதாகிறது என்பதைப் பெரும்பாலான சிறு தொழில் கணக்கேடுகள் கண்டுகொள்வதில்லை.

மென்பொருள் பழையதாகும் தேதி இரகசியமும் அன்று. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானவை 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-இன் பெரும்பாலான பதிப்புகளுக்கானவை 2025 அக்டோபர் 14-இலும் நிறுத்தப்பட்டன. அதன் பின்னரும் கணினி ஓடும். புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பதற்குத்தான் ஆள் இருக்காது.

“எங்கள் ஆலைக் கணினியில் இணையமே இல்லை, பிறகென்ன பயம்?” என்று பலர் கேட்கிறார்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை தீநிரல் உலகெங்கும் மருத்துவமனைகளையும் கார் ஆலைகளையும் முடக்கியது. அதன் ஒரு வகையே 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகளின் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே அது புதிய கருவி ஒன்றில் மென்பொருளை நிறுவும்போது உள்ளே நுழைந்து, ஆலையின் உள்வலையமைப்பில் பரவியது. பழுது பார்க்க வருபவர் கொண்டுவரும் ஒரு பென் டிரைவே போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் உடனே மாற்றிவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அவசர மாற்றத்தின் விலையை எங்கள் வங்கித் துறையே கண்டிருக்கிறது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் பழைய மென்பொருள் தளத்திலிருந்து புதியதற்கு மாற்றியது. தரவுகள் சரியாகவே இடம் பெயர்ந்தன; புதிய தளம்தான் தடுமாறியது. ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் அவ்வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன.

அதே 2018-இல் நம் நாட்டில் நடந்த மாற்றம் வேறு வகையானது. ஏ.டி.எம். என்பதும் பழைய மென்பொருளால் ஓடும் ஒரு தானியங்கி இயந்திரமே. எக்ஸ்பி போன்ற ஆதரவு முடிந்த இயங்குதளங்களில் ஓடிய ஏ.டி.எம்.களை மாற்றுமாறு ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஜூன் 21-இல் ஆணையிட்டபோது, காலக்கெடுவையும் பிரித்துத் தந்தது. செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் முழுவதும். ஒரு பகுதியை மாற்றி, பிழைகளைக் கண்டறிந்து, திருத்தி, அடுத்த பகுதிக்குச் செல்ல இத்தகைய ஏற்பாடு இடம் தருகிறது. நான்கு இயந்திரங்கள் உள்ள சிறு ஆலைக்கும் இந்த வழி பொருந்தும்.

நம் தொழில்முனைவோர் செய்ய வேண்டியது என்ன? முதலில் ஒரு பட்டியல் தேவை. எந்த இயந்திரத்தில் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி, எந்தப் பதிப்பு மென்பொருள், ஆதரவு எப்போது முடிகிறது, உதிரி கிடைக்கிறதா என்பன ஒரு தாளில் அடங்கிவிடும். அடுத்து, பி.எல்.சி. நிரலின் நகல், கடவுச்சொற்கள், உரிம ஆவணங்கள் ஆகியவற்றை விற்பனையாளரிடமிருந்து எழுத்துபூர்வமாகப் பெற்று, ஆலைக்கு வெளியே ஒரு பிரதியும் வைக்க வேண்டும். நகலெடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் அதைத் திறந்து பார்த்துச் சோதிக்கவும் வேண்டும்.

அதன் பிறகே மாற்றம். நன்றாக இயங்கும் பி.எல்.சி.யை வைத்துக்கொண்டு கணினியையும் திரை மென்பொருளையும் மட்டும் புதுப்பிக்கப் பல நேரங்களில் வழியுண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் தகவல் பரிமாறிக்கொள்ள ஓ.பி.சி. யு.ஏ. போன்ற பொதுத் தொடர்பு நெறிமுறைகள் உள்ளன. வாங்கும்போதே இவற்றைக் கேட்டுப் பெற்றால் ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்கும் நிலை குறையும். புதியது நிலைபெறும் வரை பழையதையும் தயார் நிலையில் வைத்திருங்கள். இயந்திரத்தின் அருகில் நின்று வேலை செய்யும் ஆபரேட்டரைத் திட்டமிடும் நாளிலேயே அழையுங்கள். ஏட்டில் எழுதப்படாத பல சிறு திருத்தங்கள் அவர் நினைவில்தான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருப்பதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் தீப்பிடிக்காத ஆலைக்கும் நாம் காப்பீட்டுத் தவணை கட்டுகிறோம். ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கினால் மாற்றம் வரும் ஆண்டில் சுமை தெரியாது. கூடுதல் நிதி தேவையெனில் ஆலை ஓடி வருவாய் ஈட்டும் காலத்திலேயே கடன் கேட்பது நல்லது. இயங்கும் ஆலையின் திட்ட அறிக்கையைப் பரிசீலிப்பது எங்களுக்கும் எளிது. நின்றுபோன ஆலையின் தவணையைத் தள்ளிவைப்பது இரு தரப்புக்கும் வேதனை. கடன் அதிகாரிகளும், இயந்திரத்தின் மதிப்பைக் கேட்கும்போதே மென்பொருளின் நிலையையும் கேட்கப் பழக வேண்டும்.

நாளைக் காலை ஆலைக்குச் சென்றதும் உங்கள் ஆபரேட்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “இந்தக் கணினி இன்று நின்றுவிட்டால், எத்தனை நாளில் மீண்டும் உற்பத்தியைத் தொடங்குவோம்?” அவரால் ஒரு நாளைச் சொல்ல முடியவில்லையென்றால், அன்றே பட்டியலை எழுதத் தொடங்கிவிடுங்கள்.