முன்னுரையும் முடிவுரையும் வினாத்தாளின் வேலையா?

தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதிலிருந்து விவாதமெல்லாம் பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்தைச் சுற்றியே நடக்கிறது. மனப்பாடத்தை அல்ல, புரிதலையும் சிந்தனையையும் மதிப்பிட வேண்டும் என்று அதே கொள்கை சொல்வதைப் பற்றிப் பேச ஆளில்லை. அந்தச் சொல்லில் எவ்வளவு உறுதி இருக்கிறது என்று பார்க்கப் பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளின் கடைசிப் பக்கம் போதும். எட்டு மதிப்பெண் கட்டுரை வினா அங்கே இருக்கிறது. ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக’ என்ற கட்டளை. கீழே முன்னுரை, மூன்று நான்கு உட்தலைப்புகள், முடிவுரை என எல்லாம் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் சில வரிகளை நிரப்பினால் மாணவரின் வேலை முடிந்தது. எதை முதலில் சொல்வது, எதை அடுத்து வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற மூன்று முடிவுகளில்தான் கட்டுரை எழுதுவதன் அறிவுழைப்பு முழுவதும் இருக்கிறது. மூன்றையும் வினாத்தாளே எடுத்துக்கொண்டால் மாணவருக்கு மிஞ்சுவது கையெழுத்துப் பயிற்சி. மொழிப்பாடத்தின் இரண்டு தாள்களை ஒன்றாக்கும் முடிவு 2019இல் வந்தபோதாவது இதைத் திருத்தியிருக்கலாம். தாள் சுருங்கியது, பழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் இதே நோய்க்கு வேறு முகம். இணைப்புச் சொற்களைக் கோடிட்ட இடத்தில் நிரப்பினால் மதிப்பெண். ‘மேலும்’, ‘எனவே’, ‘இருப்பினும்’ என்பவற்றின் ஆங்கிலப் பட்டியலை மனப்பாடம் செய்து, பத்திக்கு ஒன்றாகத் தூவினால் கட்டுரை கோவையாகிவிடும் என்று பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. அந்தப் பழக்கம் தமிழுக்கும் வந்துவிட்டது. அதன் விளைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘மரங்கள் மழையைத் தருகின்றன. மேலும், நெகிழிப் பைகள் மண்ணைக் கெடுக்கின்றன. எனவே, மாணவர்கள் நாட்டின் தூண்கள். ஆகவே, சுற்றுச்சூழலைக் காப்போம்.’ நான்கு வாக்கியங்களுக்கு மூன்று இணைப்புச் சொற்கள். மூன்றையும் நீக்கிவிட்டுப் படித்தாலும் பொருள் ஒரு துளி குறைவதில்லை, வாக்கியங்களின் வரிசையை மாற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. மண் கெடுவதற்கும் மாணவர் தூணாவதற்கும் நடுவே இல்லாத காரணத்தை ‘எனவே’ எங்கிருந்து கொண்டுவரும்?

இணைப்புச் சொற்களால் கட்டுரை சிறப்பதில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டேனியல் மெக்நமாராவும் சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளை ‘கோ-மெட்ரிக்ஸ்’ என்ற மென்பொருளால் அலசி 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வாக்கியங்களுக்கு இடையிலான பிணைப்பை 26 அளவைகளால் அளந்தார்கள். நல்ல கட்டுரையையும் சுமாரான கட்டுரையையும் பிரித்துக் காட்ட அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. இருபத்தாறில் ஒன்றுகூட இல்லை என்பதை நம் பாடத்திட்டக் குழுவினர் நின்று யோசிக்க வேண்டும். வேறுபாட்டைக் காட்டியவை சொல்வளமும் வாக்கியங்களின் கட்டமைப்பும்தான். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு மதிப்பீடு கோவைக்கும் பிணைப்புக்கும் உரியது. அங்கும் இணைப்புச் சொற்களை இயந்திரத்தனமாக அடுக்குவது குறையாகவே கணக்கிடப்படுகிறது. பிணைப்பு கண்ணை உறுத்தாத எழுத்துக்குத்தான் மேல்நிலை மதிப்பெண்.

இதை அறிய அமெரிக்காவுக்குப் போகவே தேவையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொன்னபோது ‘முறையின் வைப்பு’ என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார். குற்றங்கள் பத்தில் ‘மற்றொன்று விரித்தல்’ உண்டு, ‘சென்று தேய்ந்து இறுதல்’ உண்டு. இரண்டும் சொல்லைப் பற்றியவை அல்ல, அமைப்பைப் பற்றியவை. சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதத்தை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நான்காகவும் பிரித்தார். தொடர்ந்து ஓடுவது, முன்னும் பின்னும் நோக்குவது, இடைவிட்டுத் தாவுவது, தொலைவிலிருந்து வந்து வேண்டியதை மட்டும் எடுப்பது என்று கருத்துகளின் உறவுக்கே இலக்கணம் வகுத்திருக்கிறார். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஓர் அதிகாரத்தை முந்தையதன் பின் வைத்ததற்குக் காரணம் சொல்லிவிட்டுத்தான் உரைக்குள் நுழைகிறார். கடவுளின் ஆணையால் உலகமும் அறம் பொருள் இன்பங்களும் நடப்பதற்கு மழை ஏது என்பதால் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு வருகிறது. அந்த அறம் முதலியவற்றை உலகுக்கு உள்ளபடி உணர்த்துவோர் துறந்தோர் என்பதால் அதற்கடுத்து நீத்தார் பெருமை. மற்றோர் உரையாசிரியரான மணக்குடவரின் குறள் வரிசை பரிமேலழகரின் வரிசையிலிருந்து வேறுபடுகிறது. வைப்புமுறையே ஒரு வாதம் என்று அறிந்திருந்ததால்தான் உரையாசிரியர்கள் அதில் மாறுபட்டார்கள். தமிழ் வாக்கியமும் அப்படிப் பழகியதுதான். ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ என்றால் முரண் வினைக்குள்ளேயே இருக்கிறது, ‘ஆனால்’ தேவைப்படவில்லை. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு, நன்னூல் பாயிரத்தைப் பிளஸ் 1 புத்தகத்தில் பாடமாகச் சேர்த்துவிட்டு, எழுதும்போது மட்டும் பிள்ளைகள் கையில் தலைப்புப் பட்டியலைக் கொடுப்பது வெட்கக்கேடு.

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வில் விடைக்குறிப்பு இல்லாமல் திருத்த முடியாது என்கிறார்கள். நிர்வாகத்தின் சோம்பலை மாணவரின் தலையில் கட்டும் வாதம் இது. பத்துச் செய்திகளைத் தாறுமாறாகக் கொடுத்து, ‘ஒரு நிலைப்பாட்டை எடுத்து இவற்றில் வேண்டியதை வைத்து நிறுவுக’ என்று கேட்கலாம். நிலைப்பாடு தெளிவா, காரணம் அதைத் தாங்குகிறதா, அடுத்த பத்தி முந்தையதிலிருந்து பிறக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் திருத்திவிடுவார். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் குறிப்புகள் கைத்தாங்கல் என்பது இன்னொரு வாதம். ஆறாம் வகுப்பில் அது சரி. பத்தாம் வகுப்பிலும் தொடர்ந்தால் அது இரக்கமாக இருக்காது, அந்தப் பிள்ளைகளின் அறிவின் மேல் வைத்த அவநம்பிக்கையாகவே இருக்கும். வீட்டில் காரணம் அடுக்கி வாதாடத் தெரிந்த பிள்ளைக்கு அதையே தாளில் அடுக்கத் தெரியாது என்று யார் முடிவு செய்தது?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். இரண்டு கட்டுரைகள், தலைப்பு மட்டும் தருவார்கள், குறிப்புகள் கிடையாது, தமிழிலும் எழுதலாம். அங்கே தமிழில் எழுதத் துணிபவர்கள் மிகச் சிலராக இருப்பதற்கும், அரசுக் கடிதத்தை மூன்று முறை படித்தாலும் விளங்காமல் போவதற்கும், தொலைக்காட்சி விவாதங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போவதற்கும் வேர் இந்த எட்டு மதிப்பெண் வினாவில்தான் இருக்கிறது. பாடநூலை மாற்ற வேண்டாம், புதிய குழு போட வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் அடுத்த பொதுத்தேர்வுத் தாளில் அந்தக் குறிப்பு வரியை மட்டும் நீக்கட்டும். மாணவர்களுக்கு அதை இந்தக் கல்வியாண்டிலேயே அறிவிக்கட்டும்.