நாகப்பட்டினத்தில் இறங்கலாமா?

விடுமுறை வந்தால் காவிரிக் கரைக் குடும்பங்களின் பிரயாணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் அமைகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் என்று வரிசையாகப் பார்த்துக் கொண்டு வருகிறவர்கள், கடல் நெருங்கியதும் திசைக்கொருவராகப் பிரிந்து விடுகிறார்கள். சிலர் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள், சிலர் நாகூருக்கு, சிலர் சிக்கலுக்கு. நடுவில் இருக்கும் நாகப்பட்டினத்துக்குக் கிடைக்கும் மரியாதை, அங்கே பஸ் மாறுவதோடு சரி. "அந்த ஊரில் இறங்கிப் பார்க்க என்ன ஸார் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரு கட்சியையும் விசாரித்து இவ்வாரம் ஒரு தீர்ப்புச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

வேண்டாம் என்பவர்களின் கட்சி லேசானதல்ல. சித்திரை வைகாசியில் அவ்வூர் வெயிலும் புழுக்கமும் ஆளை வாட்டிவிடும். ஐப்பசி கார்த்திகையில் புயலுக்குப் பயப்பட வேண்டும். துறைமுகத்துப் பக்கம் போனால் மீன் வாடை மூக்கைத் துளைக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக் கொண்டு போனாலும், அந்த ஊரின் பெருமையில் பெரும்பகுதி ஊரை விட்டே போய்விட்டது. பழைய பௌத்த விஹாரத்தின் எச்சமென்று கருதப்பட்ட செங்கற் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்று, மாலுமிகளுக்கு அடையாளமாக விளங்கிற்று. 1867-ல் சர்க்கார் அனுமதியோடு அதை இடித்துத் தள்ளினார்கள். அப்பிரதேசத்தில் பூமிக்கடியிலிருந்து கிடைத்த பௌத்த விக்கிரகங்கள் சுமார் 350. அவற்றில் பலவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் மியூஸியத்துக்குத்தான் போக வேண்டும். ரயில்வே தொழிற்சாலை பொன்மலைக்குப் போயிற்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஜனங்களை ஏற்றிச் சென்ற 'ரஜூலா' கப்பலும் 1973-ல் ஓய்வு பெற்றது. ஆக, காட்டுவதற்கு இல்லாதவற்றின் ஜாபிதாதான் நீளமாக இருக்கிறது.

இந்தத் துர்ப்பாக்கியம் நாகைக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி தேசத்துக்கு யாத்திரை போகிறவர்கள் ரோமாபுரியையும் வெனிஸையும் பிளாரன்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கொலம்பஸ் பிறந்த ஜெனோவா துறைமுகத்தில் தங்குவோர் அவ்வளவு பேர் இல்லை. உழைக்கும் துறைமுகம் எதுவும் விருந்தாளிக்காகத் தன்னை அலங்கரித்துக் கொண்டு நிற்பதில்லை. அது தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருக்கும். நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இனி, போகலாம் என்பவர்களின் கட்சியைக் கேட்போம். தஞ்சைப் பெரிய கோயில் திருப்பணி 1010-ல் நிறைவேறியது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதே இராஜராஜ சோழன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், தன் இருபத்தோராம் ஆட்சி ஆண்டில், நாகைக்கு அருகிலுள்ள ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயைச் சூடாமணி விஹாரத்துக்கு அளித்தான். அந்த விஹாரத்தை எடுத்தவர்கள் கடலுக்கு அப்பாலுள்ள ஸ்ரீவிஜய ராஜ்யத்து மன்னர்கள். வருவாயோ ஏறக்குறைய 8,900 கலம் நெல்! சிவபக்தனான சோழன், அயல்நாட்டரசன் கட்டிய புத்தர் கோயிலுக்கு நமது வயல் நெல்லை அளந்து கொடுத்திருக்கிறான். இதைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தபடியால், அவற்றுக்கு 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

இந்தச் சிநேகமும் என்றும் ஒரே சீராக இருந்துவிடவில்லை. 1025-ல் இராஜராஜன் மகன் இராஜேந்திரனே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பினான். அப்படியிருந்தும் 1090-ல் முதற் குலோத்துங்கன் விஹாரத்தின் மானியத்தை மீண்டும் உறுதி செய்து கொடுத்தான். யுத்தம் வந்து போயிற்று. நெல் மட்டும் அளந்தபடியே இருந்தது.

நமது ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காவிரி நாடு என்றால் வயலும் வாய்க்காலும் கோபுரமுந்தான் என்று நினைத்து, கடலை மறந்து விடுகிறோம். அந்நியர்கள் மறக்கவில்லை. டச்சுக்காரர்கள் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்து, 1690-ல் பழவேற்காட்டிலிருந்த தங்கள் தலைமை ஸ்தலத்தை இங்கே மாற்றிக் கொண்டார்கள். 1781-ல் ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து பறித்தார்கள். இத்தனை பேர் சண்டையிட்டுக் கொண்ட ஊரில், நாம் பஸ் மாறும் நேரத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறோம்!

கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக் கொள்வது நல்லது. 2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அக்கரையில் இன்று படகு தள்ளுகிறவர்களுள் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் அநேகர். அவர்களை வேடிக்கை பார்ப்பது தகாது. அறுபத்து மூவருள் ஒருவரான அதிபத்தர் இவ்வூர்ப் பரதவர். நாள்தோறும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர் என்று அவர் வரலாறு சொல்கிறது. குழந்தைகளுக்கு அக்கதையைச் சொல்லிவிட்டுப் படகுகளைக் காட்டினால், அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

ஆகவே நமது தீர்ப்பு இது. கண்ணுக்கு விருந்து மட்டுமே வேண்டுமென்பவர்கள் நாகையில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். மற்றவர்கள் அவசியம் இறங்கி ஓர் இரவு தங்க வேண்டும். தை பிறந்து சம்பா அறுவடை நடக்கும் சமயம் உத்தமம். தஞ்சாவூரில் ரயிலேறினால் நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் வழியாக வயல்களுக்கு நடுவே போகலாம். களத்தில் குவிந்த நெல்லைப் பார்த்துக் கொண்டே போய்க் கடலில் முடியும் பிரயாணம் அது. மாலையில் துறைமுகம், காலையில் காயாரோகணர் கோயிலிலும் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலிலும் தரிசனம், பிறகு நாகூர் தர்கா. அங்குள்ள மினார்களில் உயரமானதை எடுப்பித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்.

விஹாரம் எங்கே என்று குழந்தைகள் கேட்டால், இடித்துவிட்டோம் என்று உண்மையையே சொல்லுங்கள். மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு உண்டானாலும் ரயில் கட்டணம் வீண்போகாது.